அன்னலட்சுமி காய்ச்சிய நிறம்

எங்கள் தோட்டத்தில் யாராவது வாய் கூசாமல் பொய் சொன்னால், "செல்லத்துரை மாதிரி ஒத்தக் காலோட நிக்கப் போற" என்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூடச் சொல்லுதுகள். அதுகளில் பாதிக்குச் செல்லத்துரை யாரென்றே தெரியாது. எனக்குத் தெரியும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர். அவர் பொய் சொன்னாரா இல்லையா என்பதுதான் விஷயம். ஆனால் நான் சொல்லப்போவது அவர் மனைவி அன்னலட்சுமியைப் பற்றி.

என் பெயர் ராகினி. ருவான்வெல்லை பஸாரில் பெண்களுக்கான சலூன் வைத்திருக்கிறேன். மணப்பெண் அலங்காரம், தலைக்குச் சாயம், முகத்துக்குக் கிரீம், எல்லாம் உண்டு. எனக்கு வாய் நீளம் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். நீளம்தான். இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் சொல்வது?

அன்னலட்சுமி அக்கா இறப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி வாழ்ந்தவள். எங்கள் பக்கத்து மழை சொல்லி மாளாது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அன்றைக்கு வருகைப் பதிவில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. விடிந்ததும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, எடுத்த கத்தியைத் திரும்பவும் கூரைச் சந்தில் செருகிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் புருசன் செல்லத்துரை தோட்டத்து ஃபெக்டரியில் இறப்பர் ஷீட் உருட்டுகிறவர். அக்காவின் புருசன் என்பதால் எனக்கு மாமா. மகள் தனுஜாவைப் புளத்கொகுபிட்டிய பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு காம்பராவில் இரண்டு பேரும்தான்.

பஸாருக்குப் பின்னால் ஓயா ஆற்றங்கரையில் ஒரு முதலாளி சீனி காய்ச்சும் கொட்டகை போட்டார். மழையோ வெயிலோ அங்கே வேலை உண்டு. அக்கா கத்தியை வைத்துவிட்டு அங்கே போனாள்.

பெரிய தாச்சியில் சீனியைக் கொட்டி, அடியில் நெருப்பு எரிய விடுவார்கள். சீனி உருகும், தேன் நிறமாகும், சிவக்கும், பிறகு கறுத்துப் புகையத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துக் கொதிதண்ணீரை ஓரமாக ஊற்ற வேண்டும். தாச்சி சீறிக்கொண்டு எழும்பும். ஆறிய பிறகு பார்த்தால் கறுத்த பாகு. ஒரு கரண்டியை வாளித் தண்ணீரில் விட்டால் வாளி முழுக்கத் தேயிலைச் சாயம் போலாகிவிடும். நாக்கில் வைத்தால் இனிக்காது, கசக்கும். கொட்டகையில் அதற்குக் "கலர்" என்று பெயர். சோயா சோஸ், வினிகர், கித்துள் மரத்துப் பாணி என்று விற்கிற சீனிப்பாணி எல்லாவற்றுக்கும் அது போகும். அடுத்த தெருவிலுள்ள பேக்கரிக்கும் கேன் கேனாகப் போகும். கிறிஸ்மஸ் கேக்குக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஒரு நாள் அக்கா என் சலூனுக்கு வந்து, தட்டிலிருந்த மூலிகை ஷாம்புப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மூலிகை இல்லடி. இது நம்ம கலரு."

"மெதுவாக்கா. ஆள் இருக்காங்க."

"நீ மூஞ்சிக்குப் பூசிவிடுறியே சந்தனக் கிரீமு, அதுலயும் நம்ம கலருதான். கொழும்புக்கு எங்க முதலாளிதான் அனுப்புறாரு. ஊருல உள்ள அம்புட்டுப் பொண்ணுங்களும் எங் கையாலதான் அழகா இருக்காளுவ."

இருவரும் சிரித்தோம். அது அப்போது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

வேலை முடிந்து வந்தால் அவள் மேலெல்லாம் எரிந்த சீனி மணக்கும். எத்தனை முறை தலைக்கு ஊற்றினாலும் போகாது. மாமா வாசலில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "தள்ளி நில்லு அன்னம், நீ கிட்ட வந்தாலே எனக்குச் சீனி ஏறுது" என்பார். அவளுக்கு வெட்கம் வந்துவிடும். அந்த வயதில் புருசன் சொல்லுக்கு வெட்கப்பட்ட பெண்ணை நான் வேறு பார்த்ததில்லை.

சீனி ஏறுது என்று அவர் சொன்னது சும்மா இல்லை. மாமாவுக்குச் சீனி நோய் கண்டிருந்தது. அதுவரைக்கும் அவர் பிளேன்டீயைக் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார். கிளினிக்கில் சொன்ன அன்றைக்கே கருப்பட்டியை விட்டார். பிளேன்டீயை வெறுமையாகக் குடித்தார். மாரியம்மன் கோயிலில் மிட்டாய் கொடுத்தால் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். ஒன்றை மட்டும்தான் அவரால் விட முடியவில்லை, அது பாண், பேக்கரி ரொட்டி. ஷீட் உருட்டுகிற ஆளுக்குப் பசி வேறு மாதிரி. கிளினிக் நர்ஸ் அதற்கும் வழி சொன்னாள். வெள்ளைப் பாண் வேண்டாம், குரக்கன் என்கிற கேழ்வரகுப் பாண் நல்லது.

பேக்கரியில் குரக்கன் பாண் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மண் நிறத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். அக்கா வேலை விட்டு வரும்போது தினமும் ஒரு ராத்தல் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். சாதாரண பாணை விட விலை கூட. மாமா ஆசையாகச் சாப்பிடுவார். மருந்து என்று நினைத்ததால் அளவும் பார்க்கவில்லை.

"குரக்கன்னா தொண்டையில அடைக்குமே அன்னம். எங்கம்மா ரொட்டி சுட்டா தண்ணி குடிச்சாத்தான் எறங்கும். இது பஞ்சு மாதிரி இருக்கு."

"மெஷின்ல பிசையிறாங்க. கேள்வி கேக்காம சாப்பிடுங்க. நர்ஸு நோனா சொன்னதுதானே."

"அப்ப இன்னும் ரெண்டு துண்டு வை."

அவள் வைப்பாள். சம்பலும் வைப்பாள். அவர் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள்.

ஆனால் கிளினிக்கில் பார்க்கும்போதெல்லாம் சீனி கூடிக்கொண்டே போனது. குளிசையைக் கூட்டினார்கள், அப்போதும் குறையவில்லை. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு மாமாவை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஹொரென் கனவா நேத?" என்றார். திருட்டுத்தனமாகத் தின்கிறாய்தானே என்று, சிங்களத்தில்.

"நே, டொக்டர் மாத்தயா" என்றார் மாமா, இல்லை ஐயா என்று. டொக்டர் நம்பவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவளும் நம்பவில்லை.

அன்றிலிருந்து அந்தக் காம்பராவில் நிம்மதி போயிற்று. சீனிப் போத்தலை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். தலையணைக்கு அடியில் தேடினாள். ஃபெக்டரியில் மாமா யாரோடு டீ குடிக்கிறார் என்று விசாரித்தாள். ஒரு நாள் துணி துவைக்க எடுத்தபோது அவருடைய சட்டைப் பையில் எறும்பு ஊர்ந்தது. பையை உதறினாள். ஒன்றும் விழவில்லை, எறும்புதான் விழுந்தது.

"தொடச்சிப்புட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எறும்புக்குத் தெரியுமில்ல?"

"சத்தியமா நான் ஒண்ணும் திங்கல அன்னம்."

"எறும்பு பொய் சொல்லுதா?"

லயத்தில் இரண்டு காம்பராவுக்கு நடுவே ஒரு பலகைதான். ஒரு வீட்டில் பேசினால் வரிசை முழுக்கக் கேட்கும். மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"வா கோயிலுக்கு. சூடம் அணைக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. கோழி களவு போனாலும் சரி, புருசன் பெண்டாட்டி சந்தேகமானாலும் சரி, மாரியம்மனுக்கு முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. பொய்ச் சத்தியமாக இருந்தால் ஆத்தா பார்த்துக்கொள்வாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பூசைக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள். பூசாரி முத்துவீரன் வேண்டாமென்று எவ்வளவோ தடுத்தார். மாமா கேட்கவில்லை. தட்டில் சூடத்தை ஏற்ற வைத்தார்.

"கிளினிக்குல சொன்ன நாள்ல இருந்து இனிப்புன்னு ஒண்ணு எந் நாக்குல பட்டதில்ல. இனியும் படாது. பட்டா என்னைய நீயே பாத்துக்க ஆத்தா" என்று சொல்லி உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை சுட்ட வாசம் வந்தது. அக்கா அழுதுகொண்டே அந்தக் கையைப் பிடித்து ஊதினாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தார்கள். அவள் கேட்கவில்லை, அவர் கோபிக்கவில்லை. அவள் இன்னும் கவனமாகக் குரக்கன் பாண் வாங்கினாள். சோற்றைக்கூடக் குறைத்துவிட்டுப் பாணைக் கூட்டினாள்.

பிறகு ஃபெக்டரியில் தகரம் கீறி மாமாவின் கால்விரலில் சின்னக் காயம் வந்தது. ஆறவில்லை. விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

லயத்துக்குச் செய்தி வந்த அன்றைக்கே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆத்தா காலை எடுத்துவிட்டாள், பொய்ச் சூடம் அணைத்தவனை அவள் விடுவாளா, என்று தண்ணீர்ப் பீலியடியில் வாளி நிரம்பும் மட்டும் இதே பேச்சு. சில பேர் முகத்தில் ஒரு திருப்தியே இருந்தது. எனக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அவளோடு போனேன். மாமா பாதியாக இளைத்திருந்தார். வெள்ளைத் துணி சுற்றிய காலைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தார்.

"அன்னம், ஒண்ணு சொல்லணும். நான் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். சூடம் அணைச்சதுக்கு அப்புறம் வந்த திருவிழா அன்னிக்கு முத்துவீரண்ணே சக்கரைப் பொங்கல் ஒரு உருண்டை கையில வச்சிட்டாரு. சாமி பிரசாதத்தை எப்படித் தூக்கிப் போடுறது? வாயில போட்டுட்டேன். அதுவும் சேரும்னு அப்பத் தோணல. ஆத்தா கணக்குல அது விழுந்திருச்சி போல."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு உருண்டைதான் என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. ஒன்றை ஒத்துக்கொள்கிறவன் இன்னும் எத்தனையை மறைக்கிறானோ என்று அவள் மனம் போயிருக்கும். ஆனாலும் கட்டிலில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் தடவினாள்.

"சரி விடுங்க. நீங்க என்னத்தைத் தின்னிருந்தாலும் சரி, நான் மன்னிச்சிட்டேன். ஆத்தாவும் மன்னிச்சிருவா."

நான் சுடுதண்ணீர் வாங்கப் போய்விட்டேன். தன் பிரசாதத்தைத் தின்றதற்குக் காலை வாங்குகிற சாமியும் உண்டா என்று எனக்குள் கோபம் வந்தது.

வெட்டிய இடமும் ஆறவில்லை. மாமா வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பெட்டியில்தான் வந்தார். சாவு வீட்டிலும் சூடத்துப் பேச்சு ஓயவில்லை. மகள் தனுஜா அதைக் கேட்டுவிட்டு, அப்பாவின் தலைமாட்டில் எழுந்து நின்று, போங்க எல்லாரும், என்று கத்தினாள். யாரும் போகவில்லை. அன்றிலிருந்து மாமாவின் பெயர் தோட்டத்தில் பொய்க்காரனின் பெயராகிவிட்டது.

கருமாதி முடிந்து அக்கா கொட்டகைக்குத் திரும்பினாள். மூங்கில் மாதிரி மெலிந்துபோயிருந்தாள். அப்புறம் ஒரு ஆடி மாதம், கேன் ஏற்றுகிற வண்டி பழுதாகி நின்றது. பேக்கரியில் அவசரம் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். பக்கத்துத் தெருதானே என்று அக்காவே ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆடியில் என்ன கிறிஸ்மஸ் கேக் என்று போகும் வழியில் யோசித்தாளாம். இதெல்லாம் பிறகு என்னிடம் சொன்னது.

பின்வாசல் வழியாக உள்ளே போனாள். மேசையில் வெள்ளை மாவு மலையாகப் பிசைந்து கிடந்தது. பேக்கரி பாஸ், பாண் போடுகிற ஆள், அதை இரண்டாகப் பிரித்தான். ஒரு பாதியை அப்படியே அச்சில் போட்டான். மறு பாதியில், அவள் கொண்டுவந்த கேனைத் திறந்து, ஒரு கோப்பை கலரை ஊற்றிப் பிசைந்தான். மாவு மண் நிறமானது. மேலே பெயருக்கு ஒரு பிடி குரக்கன் மாவைத் தூவினான்.

"இது எந்தப் பாணு?" என்று கேட்டாளாம்.

"குரக்கன் பாண்."

"குரக்கன் எங்க?"

அவன் சிரித்தான். "ஒக்கொம எகம பிட்டி, அக்கே" என்றான். எல்லாம் ஒரே மாவுதான் அக்கா என்று. அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

அவள் அங்கிருந்து நேராக என் சலூனுக்கு வந்தாள். ஒரு பெண்ணுக்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "அவரு பொய் சொல்லல ராகினி" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கதையை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. என் கையில் அந்தக் கிரீம் இன்னும் பழுப்பாக ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கலரில் விஷம் கிடையாது. அதை நான் யாரிடமும் சொல்வேன். கோப்பைக் கணக்கில் குடித்தாலொழிய அது யாரையும் ஒன்றும் செய்யாது. மாமாவைக் கொன்றது அந்த வெள்ளை மாவு, நல்லதென்று நம்பி மூன்று வேளையும் தின்ற வெள்ளை மாவு. கலர் செய்தது ஒன்றே ஒன்றுதான், நம்ப வைத்தது. நான் சும்மா இருக்கவில்லை, சுகாதாரப் பரிசோதகரைப் பிடித்துச் சொன்னேன். வந்தார், பார்த்தார். கலர் போடுவது சட்டப்படி சரிதான், பெயர்தான் தவறு என்றார். இப்போது கண்ணாடிப் பெட்டியில் "பிரவுன் பாண்" என்று எழுதியிருக்கிறது. பாண் அதே பாண்தான், விலையும் குறையவில்லை.

அக்கா சலூனுக்கு வந்த அன்று சாயங்காலம் அவளைக் காம்பராவுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே கொடியில் அவள் வேலைக்குக் கட்டுகிற சேலை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமாவின் சட்டை, அதை அவள் எடுக்கவே இல்லை. சேலைத் தலைப்பில் தெறித்த சீனிப்பாகு காய்ந்து மினுங்கியது. அதிலிருந்து கொடி வழியாகச் சட்டைக்கு எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிகிற நேரம். யாரும் கலைவதற்கு முன் அக்கா முன்னால் போய் நின்றாள். தட்டில் சூடத்தை ஏற்றச் சொன்னாள்.

"எம் புருசன் அணைச்ச சூடம் பொய்ச் சூடம் இல்ல. அவரு தின்னது நான் வாங்கிக் குடுத்த பாணு. அதுல ஊத்தின கலரு நான் காய்ச்சினது. எறும்பு வந்தது எஞ் சேலையில இருந்து. இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என்னைய எடுத்துக்க ஆத்தா."

கையை வைத்து அணைத்தாள். பீலியடியில் பேசிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவரு உங்க கையால வாங்கின ஒரு உருண்டையைச் சொல்லிச் சொல்லித்தான் செத்தாருங்க" என்று பூசாரியைப் பார்த்துச் சொன்னாள். "அதுக்குத்தான் ஆத்தா காலை எடுத்தான்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாரு."

முத்துவீரன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வயதான மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நாந்தானேம்மா வச்சேன். வேணாம்னாரு, நாந்தானே வச்சேன்" என்றார். பிறகு ஒவ்வொருவராக வந்து அக்காவின் கையைப் பிடித்தார்கள். செல்லத்துரை நல்ல மனுசன் என்றார்கள். இப்போது சொல்லி என்ன? பெரியவர்கள் அந்தப் பேச்சை விட்டார்கள். பிள்ளைகளிடம் போனதைத்தான் யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

திரும்பி நடக்கும்போது மழை தூறியது. அக்காவின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. நான் அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சிக்கா, மாமா பேரு சுத்தமாயிருச்சி, என்று ஆறுதல் சொன்னேன். அவள் நின்றாள்.

"அவருக்குத் தெரியாதேடி" என்றாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்ல. நீ சுடுதண்ணி வாங்கப் போயிட்ட. அவரு படுத்தபடியே ரெண்டு கையையும் கூப்பி என்னையக் கும்பிட்டாரு ராகினி. நான் அதையும் வாங்கிக்கிட்டேன்."